உங்களுக்குத் தெரியுமா? தீவுக்குக் குடிபோகிறீர்களா, முதலில் பெட்டியை எடை போடுங்கள்!

கடல் கடந்த சொந்தமோ வியாபாரமோ இல்லாத தெரு கீழக்கரையில் அரிது. கல்யாணம் முடித்தும் கடை வைக்கவும் வேலை தேடியும் இன்றும் பலர் இலங்கை, அந்தமான் போன்ற தீவுகளுக்குக் குடிபோகிறார்கள். டிக்கெட் விலையோடு பெட்டியின் எடையையும், இறங்கிய பிறகு ஏறும் வண்டியின் வாடகையையும் கூட்டினால்தான் பயணம் மலிவா என்பது தெரியும். அந்தக் கணக்குக்கு உதவும் சில தகவல்கள்:

ஒரே டிக்கெட்டில் கொழும்பு: 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்புவரை போக முடிந்தது. தனுஷ்கோடிவரை 'போட் மெயில்' ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மீண்டும் ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980-களில் நின்றது. இலங்கை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கீழக்கரைக்காரர் இன்று மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் ஏறுகிறார்.

மதுரையா, திருச்சியா, சென்னையா? மதுரை விமான நிலையத்தின் முதல் பன்னாட்டு விமானமே கொழும்புக்குத்தான். 2012 செப்டம்பரில் பறந்தது. தேதியை முடிவு செய்யுமுன் மூன்று ஊர்க் கட்டணத்தையும் பாருங்கள். சென்னையில் டிக்கெட் குறைவாக இருந்தாலும், குடும்பத்தோடும் மூட்டைகளோடும் அங்கே போய்ச் சேரும் வாடகையில் அந்த லாபம் கரைந்துவிடும். பெருநாள், பொங்கல், மே மாத விடுமுறையை ஒட்டிய நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு நேராகவே போகலாம்: ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் உள்ள பலாலி, 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமானது. சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் அங்கே விமானம் தொடங்கப்பட்டது. வடக்கே குடிபோகிறவர் கொழும்பில் இறங்கினால் மூட்டைகளோடு ஏறத்தாழ 400 கி.மீ. திரும்பி வர வேண்டும்.

கப்பலும் உண்டு: நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-இல் மீண்டும் புறப்பட்டது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே வேலையில் சேரும் தேதியை இதை நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள்.

போர்ட் பிளேரைக் காணோமா? அந்தமான் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு பெயரில் டிக்கெட் தேடிக் கிடைக்காவிட்டால் இன்னொரு பெயரிலும் தேடுங்கள். 'ஐஎக்ஸ்இசட்' என்ற விமான நிலையக் குறியீட்டைத் தட்டினாலும் வந்துவிடும்.

15 + 7: இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. அந்தமானும் உள்நாடுதான். வெளிநாட்டு விமானத்தில் அளவு கூடலாம். ஆனால் உள்நாட்டுப் பயணத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தன் 15 கிலோ கணக்கையே பார்க்கும். இடையில் பெட்டியை எடுத்து நீங்களே மறுபடி ஒப்படைக்கவும் வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லை.

எடையை வீட்டிலேயே பாருங்கள்: ஆள் நிற்கும் எடைக் கருவி போதும். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசம்தான் பெட்டியின் எடை. அனுமதித்ததற்கு ஒரு கிலோ குறைவாகவே கட்டுங்கள். கூடுதல் எடை தேவைப்பட்டால் முன்கூட்டியே இணையத்தில் பணம் கட்டிவிடுங்கள். கவுன்டரில் கட்டணம் அதிகம். மொத்த எடைக்குப் பணம் கட்டினாலும் ஒரே பெட்டியை 32 கிலோவுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். தூக்கி வைக்கும் தொழிலாளியின் முதுகைக் காக்கவே இந்த வரம்பு.

இலேசான மூட்டையும் எடைதான்: தலையணை, மெத்தையை விமானச் சரக்கில் போட்டால் இடத்துக்கும் எடை உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பது வழக்கம். 60 × 50 × 40 அளவுப் பெட்டிக்குள் பஞ்சே இருந்தாலும் 20 கிலோவுக்குப் பணம்.

கொப்பரை ஏறாது: கொப்பரைத் தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்பது பன்னாட்டு விமான விதி. எண்ணெய்ப் பசை காற்றோடு சேர்ந்து வெப்பம் உண்டாக்குவதே காரணம். கைப்பையிலும் பெட்டியிலும் வைக்காதீர்கள்.

தொதலைப் பெட்டியில் வையுங்கள்: தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய கீழக்கரைத் தொதல் கனமானது. கைப்பையில் இருந்தால் சோதனையில் கூழ் வகை என்று நிறுத்திவிடலாம். வெளிநாட்டு விமானத்தில் அவ்வகைக்கு 100 மில்லி வரம்பு. ருசிக்கு ஒரு கிலோ போதும். இலங்கையின் அம்பாந்தோட்டையும் தொதலுக்குப் பேர் போன ஊர்தான்.

பவர் பேங்க் கையில்: பெட்டிக்குள் போடவே கூடாது. 100 வாட்-மணிவரை கைப்பையில் அனுமதி. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி.

பவளத்துண்டைத் தொடாதீர்கள்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. அப்பா தீவு, வாலைத் தீவு போன்றவை கீழக்கரைத் தொகுதி. கரையில் கிடக்கும் பவளத்துண்டை ஊர் நினைவாக எடுத்துப்போவதும் குற்றம். கடல் அட்டை, கடல் குதிரைக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

அடுத்தவர் பொட்டலம்: "கொழும்புக்குப் போறீங்களாமே லாத்தா, இதை மட்டும் நம்ம பிள்ளைகிட்டச் சேர்த்திடுங்க." மறுக்க மனம் வராது. ஆனாலும் உங்கள் பெட்டியில் இருக்கும் எதற்கும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பிரித்துக் காட்டச் சொல்லி, பார்த்து, எடை போட்டுப் பிறகு வாங்குங்கள். உண்மையான சொந்தம் இதற்குக் கோபப்படாது.

பெட்டி வராவிட்டால்: விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி, பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். மூடுமுன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். நகை, சான்றிதழ், நிக்காஹ் பதிவுச் சீட்டு, குழந்தையின் மருந்து ஆகியவை எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.