கத்தினால் கிடைக்கும் செல்போன்

மண்ணூர்ப் பக்கம் பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் முடிவுசெய்வது ஷிஃப்ட்தான். ஒரகடம் ஆலையில் அப்பாவுக்கு இந்த வாரம் இரவு வேலை, அம்மாவுக்குக் காலை வேலை. அப்படியொரு வீட்டில் ஆறு வயதுப் பையன் தட்டை வீசுகிறான், தங்கச்சியைக் கடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு” என்பார் பாட்டி. “ரெண்டு போட்டா அடங்குவான்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

உளவியலாளரிடம் போனால் அவர் ஒரு நோட்டைக் கொடுப்பார். கத்துவதற்கு முன் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், அதற்குப் பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று கட்டம். பத்து நாள் எழுதினால் விஷயம் பிடிபடும். ரகளை ஆரம்பிப்பது செல்போனைப் பிடுங்கும்போது. பகலில் தூங்கும் அப்பா எழுந்துவிடக் கூடாதே என்று போன் உடனே திரும்பக் கைக்கு வருகிறது. அமெரிக்காவின் ஓரிகனில் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்த உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன், 1982இல் வெளியிட்ட நூலில் விவரித்த சுழல் இதுதான்: பிள்ளை கத்த, பெரியவர் விட்டுக்கொடுக்க, இருவருக்கும் அப்போதைக்கு நிம்மதி.

சிகிச்சை பெரும்பாலும் பெற்றோருக்கான பயிற்சியில் தொடங்கும், மருந்து அரிதாகத்தான். போனுக்கு எவ்வளவு நேரம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், சொன்னபடி திருப்பித் தந்தால் அந்த நொடியே பாராட்ட வேண்டும், கத்தினால் கொடுக்கக் கூடாது. கடைசியதுதான் கஷ்டம். முதல் சில நாள் கத்தல் குறையாமல் கூடவும் செய்யலாம். இதுவரை பலித்த வித்தையை இன்னும் பலமாகப் போட்டுப் பார்க்கிறான். நாலாம் நாள் சலித்துப்போய்க் கொடுத்தால், நாலு நாள் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அப்பாவுக்கு ஒரு சட்டம், பாட்டிக்கு ஒரு சட்டம் என்றாலும் இதே கதிதான். ஷிஃப்ட் மாறும் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான சட்டத்தை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது உத்தமம்.

இரண்டு, மூன்று வயதில் அடிப்பதும் கடிப்பதும் சகஜம். ஐந்து வயதைத் தாண்டியும் மாதக்கணக்கில் நீடித்தால் காது கேட்கிறதா, தூக்கம் போதுமா, ஆட்டிசமோ கவனக்குறைவுக் கோளாறோ உண்டா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அடி தீர்வல்ல. பள்ளியில் அடித்துத் திருத்துவதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. வீட்டில் அடித்தாலும் அவன் கற்பது அடிப்பதைத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டுவார்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். போகும்போது அப்படியொரு நோட்டை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளுக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.