பழைய ஜீப்பின் தடைக்கருவி

தேக்காவுக்கு நடைத் தொலைவில், ரோச்சோர் கால்வாயை ஒட்டி இயங்கிவந்த சுங்கை சாலைச் சந்தை 2017-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி மூடப்பட்டது. பட்டாளத்தார் கழித்த சாமான்கள் மலிவாகக் கிடைத்த இடம் அது. அப்பட்டாளச் சாமான்களுள் பெரும்புகழ் பெற்றது ஜீப். வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. எஞ்சியவற்றை ஆர்வலர்கள் போற்றி வைத்துள்ளனர். இவை ஓடித் தேய்வதைவிட, ஓடாது நின்று கெடுவதே மிகுதி. அதிலும் முதலில் கெடுவது பிரேக் எனப்படும் தடைக்கருவி.

அடைபட்ட நீர்மத்தின்மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் கண்டார். ஜீப்பின் பிரேக் இவ்விதியின்படியே இயங்குகிறது. மிதியை அழுத்தினால், ஓட்டுநரின் காலடியிலுள்ள தலைமை உருளையிலிருந்து குழாய்வழியே அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் செல்லும். முன்சக்கர உருளையின் குறுக்களவு ஓர் அங்குலம். பின்சக்கரத்தில் முக்கால் அங்குலம். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால், முன்சக்கரங்களுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு விசை கிடைக்குமாறு அமைத்தனர். ஆனால் நான்குக்கும் வழி ஒன்றே. ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கும் கைவிடும்.

இந்நீர்மத்தைப் பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்பர். தொடக்கத்தில் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்தே செய்ததால் அப்பெயர் பொருந்தியது. இன்று பெரும்பாலும் பயன்படுவது கிளைக்கால் வகை, எண்ணெயன்று. பெயரை நம்பி இயந்திர எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் ஊதிப் பருத்துப் பயனற்றுப் போகும். ஒரு சொல் உயிருக்கே உலைவைக்கும் இடம் இது. ‘தடைநீர்மம்’ என மாணவருக்குச் சொல்லித்தருவது நன்று.

கிளைக்காலுக்கு ஈரத்தை உறிஞ்சும் இயல்புண்டு. சிங்கப்பூரின் காற்றிலோ ஆண்டு முழுதும் ஈரம். ‘டாட் 3’ தரத்துப் புதிய நீர்மத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசு இருக்கவேண்டும். ஈரம் ஏறியதற்கு 140 போதுமென விதித்துள்ளனர். கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், மிதி அடிவரை இறங்கினும் வண்டி நிற்காது. அதே ஈரம் உருளையின் உட்புறத்தைத் துருவால் அரிக்கிறது.

எனவே பழுதுபார்ப்போர் சக்கரத்தைக் கழற்றியதும் உருளையையே முதலில் நோக்குவர். மேலோட்டமான துருவைத் தேய்த்து நீக்கலாம். குழி விழுந்திருந்தால் உருளையை மாற்றுவதே முறை. ரப்பர்க் குழாய்கள் வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே உப்பி அடைத்திருக்கக்கூடும். வயதானவற்றை ஐயமின்றி எறியலாம். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அத்தூள் நுரையீரலுக்குக் கேடு. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின், தலைமை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுவர். பிறகு மிதியைச் சற்றுநேரம் அழுத்திப் பிடிக்கவேண்டும். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, மீண்டும் கழற்றவேண்டியதுதான். கைப்பிரேக்குக்கு இந்நீர்மத்தோடு தொடர்பில்லை. அது கம்பியால் இழுபட்டுப் பின் அச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிப்பது. சோதனை ஓட்டத்துக்குமுன் அதனைச் சரிபார்த்துக்கொள்வர்.