499 பவுண் விடுமுறைக்கு உண்மையில் எவ்வளவு முடியும்?

பிரித்தானியாவில் இருக்கும் எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் இதுவரை கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடுதான். பாரிஸிலோ ரொறன்ரோவிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வருவோம். ஹொட்டேல் கணக்குப் பார்க்கும் தேவை இருக்கவில்லை. இப்போது பிள்ளைகள் ஒரு கிழமை வெயிலுக்குப் போவோம் என்று கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. ஆனால் விளம்பரத்தில் போடுவது ஒரு ஆளுக்கான விலை. நாங்கள் பார்க்கவேண்டியது, வீட்டு வாசலில் புறப்பட்டுத் திரும்பி அதே வாசலுக்கு வரும்வரை முழுக்குடும்பத்துக்கும் ஆகும் செலவை.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். நான்கு பேர், ஏழு நாள், கனாரித் தீவுகள். ஆளுக்கு 499 என்றால் 1,996 பவுண். பெட்டிகளுக்கு 200, அங்கே விமான நிலையத்திலிருந்து ஹொட்டேலுக்குப் போய்வர 60, இங்கே காரை நிறுத்த 60, வெளியில் சாப்பிட நாளுக்கு 70 வீதம் 490. மொத்தம் 2,806. சாப்பாடு, பெட்டி, பஸ் எல்லாம் அடங்கிய, ஆளுக்கு 660 பவுண் பொதியை எடுத்தால் 2,640. கார் நிறுத்தும் காசையும் சேர்த்து 2,700. பார்வைக்கு விலை கூடியதுதான் 106 பவுண் மலிவு. முதலாவதில் சமையலறையுள்ள அப்பாட்மென்ட் கிடைத்து, நாளுக்கு 30 பவுணுடன் சமைத்துச் சாப்பிட்டால் 2,526 ஆக இறங்கும். ஆனால் அங்கேயும் அம்மாதான் அடுப்படியில் நிற்பா என்றால், அந்த 174 பவுணை மிச்சம் என்று நாங்கள் எழுதமாட்டோம்.

கனாரித் தீவுகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லண்டனிலிருந்து நாலு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்; பெப்ரவரியிலும் பகலில் 20 பாகைக்குக் கிட்ட வெப்பம் இருக்கும். ஸ்பெயினின் மற்றப் பகுதிகளில் பொதுவான விற்பனை வரி 21 வீதம். இந்தத் தீவுகளில் தனி வரி, 7 வீதம். 

பாடசாலை விடுமுறையில் விலை ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த விடயம். தவணைக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பத்துப் பாடசாலைக் கிழமைகளுக்குள் ஐந்து நாள் அனுமதியில்லாமல் மறித்தால் தண்டம் வரும்: ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண். இரண்டு பிள்ளை, தாய், தகப்பன் என்றால் 320. அதுவும் 21 நாளுக்குள் கட்டினால்தான். பிந்தினால் இரண்டு மடங்கு. மூன்று வருடத்துக்குள் திரும்பவும் நடந்தால் ஆரம்பமே 160, அதற்குப் பிறகு வழக்கு வரைக்கும் போகலாம். குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியாதவர்கள் வழக்கென்று எதையும் தேடிப்போகாமல் இருப்பது நல்லது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே ஓகஸ்ட் நடுவில் பாடசாலை தொடங்குவதால், மாதக் கடைசியில் கிளாஸ்கோவிலிருந்து புறப்படும் விமானங்களின் விலையை இங்கிலாந்துக் குடும்பங்களும் ஒருக்கால் பார்க்கலாம்.

எங்கள் வீடுகளில் பெரிய ஓட்டை விழுவது பத்திரத்தில்தான். பிள்ளைகளிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு, தகப்பனிடம் அகதிப் பயணப்பத்திரம், அம்மம்மாவிடம் நிரந்தர வதிவிடத்துடன் இலங்கைக் கடவுச்சீட்டு என்று ஒரே வீட்டில் மூன்று வகை இருக்கும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு, இங்கே எத்தனை வருடம் இருந்தாலும், ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, ஆறிலிருந்து பதினொரு வயது வரை 45. அதோடு விண்ணப்ப நிலையத்தின் சேவைக்காசு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி. அகதிப் பயணப்பத்திரத்துக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. போகும் நாட்டுத் தூதரகத்தில் கேட்டபிறகே காசு கட்டவேண்டும். விசா மறுத்தால் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் அந்த நட்டத்தைத் தராது. அதனால் அப்படியொருவர் கூட வருகிறார் என்றால், ஐம்பது பவுண் கூடினாலும் இரத்துச் செய்யக்கூடிய பதிவே மலிவு. விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம்; கடைசி நேர மலிவு இந்தக் குடும்பத்துக்கு உரியதல்ல.

பெயரையும் கவனியுங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு என்று எங்கள் கடவுச்சீட்டுகள் ஆளுக்கொரு மாதிரி. ரிக்கெற்றில் அதே ஒழுங்கில் இல்லாவிட்டால் திருத்தக் காசு கேட்பார்கள்.

பிறகு, காசை யாரிடம் கட்டுகிறோம் என்பது. 2019 செப்டெம்பர் 23 அன்று தோமஸ் குக் விழுந்தபோது ஏறத்தாழ 150,000 பேரை அரசு திருப்பிக் கொண்டுவந்தது. விமானமும் தங்குமிடமும் சேர்ந்த பொதி வாங்கினால் அட்டோல் சான்றிதழைக் காசு கட்டியவுடனேயே கேட்டு வாங்குங்கள். விமான நிறுவனத்திடம் நேரே வாங்கும் தனிச்சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 100 பவுணுக்கு மேற்பட்டதைக் கிறடிற் கார்ட்டில் கட்டினால், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்ட் நிறுவனமும் பொறுப்பு. முற்பணத்தை மட்டும் கார்ட்டில் கட்டினாலும் போதும். ஆனால் இடையில் முகவர் ஒருவர் நின்றால் அந்த உரிமை அறுந்துபோகலாம். தெரிந்த ஆள்தானே என்று காசைக் கையில் கொடுத்தால் எதுவுமே இல்லை.

அங்கே போனபின் கடைக்காரர் கார்ட் மெசினை நீட்டி, பவுணா யூரோவா என்று கேட்டால் யூரோ என்றே அமத்துங்கள். பவுணை அமத்தினால் மாற்றுவீதத்தை அவர்களே தீர்மானிப்பார்கள். சமைப்பதானால் கறித்தூள் கொண்டுபோகலாம். இறைச்சியும் பாற்பொருளும் இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மீனுக்கு மெர்க்கடோனா கடையில் தனிப் பகுதியே இருக்கிறது.