எலும்புக் கனிமப் படிகங்களின் இயந்திரப் பண்புகளை அளவிடல்: முறைகளும் வரம்புகளும்

முன்னுரை

எலும்பு என்பது கொலாஜன் புரத இழைகளும் அபடைட் வகைக் கனிமப் படிகங்களும் நீரும் இணைந்த கூட்டுப்பொருளாகும். அதன் விறைப்புக்குப் பெருங்காரணம் இப்படிகங்களே. தகடு போன்ற ஒரு படிகத்தின் தடிமன் சில நானோமீட்டர். நீளமும் அகலமும் சில பத்து நானோமீட்டர். இத்துணை நுண்ணிய பொருளின் விறைப்பை அளக்கும் முறைகளையும், அவை தரும் எண்கள் எதனைக் குறிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அழுத்துமுனைச் சோதனை

கூரிய வைர முனையை எலும்புப் பரப்பில் அழுத்தி, விசையையும் ஆழத்தையும் தொடர்ந்து பதிவு செய்வது இம்முறை. 1992இல் ஆலிவர், ஃபார் ஆகியோர் வெளியிட்ட வழிமுறைப்படி, விசையை நீக்கும்போது கிடைக்கும் வரைகோட்டின் தொடக்கச் சாய்விலிருந்து யங் குணகம் கணக்கிடப்படுகிறது. எலும்பில் இம்மதிப்பு ஏறத்தாழ 20 ஜிகாபாஸ்கல். ஆனால், முனை பொதுவாக நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஆழம் இறங்குவதால், எண்ணற்ற படிகங்களும் இழைகளும் ஒருசேர அமுங்குகின்றன. ஆகவே இது கூட்டுப்பொருளின் மதிப்பேயன்றிப் படிகத்தின் மதிப்பன்று.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு

சுமையேற்றிய எலும்பின் வழியே சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிரைச் செலுத்தினால், படிகத்தின் அணுத்தளங்களுக்கு இடையிலான தொலைவு மாறுவதை விளிம்பு விளைவுக் கோணங்கள் காட்டும். அம்மாற்றமே படிகத்தின் திரிபைத் தருகிறது. குப்தா குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் திசு, நுண்ணிழை, கனிமம் ஆகியவற்றின் திரிபுகள் 12:5:2 என்னும் விகிதத்தில் அமைந்தன. எனினும், இம்முறை தருவது திரிபை மட்டுமே. படிகம் தாங்கும் தகைவு நேரடியாகப் புலப்படுவதில்லை. குணகம் காண இரண்டும் தேவை.

வைரப் பட்டடைக் கலம்

இக்குறையை இக்கலம் நீக்குகிறது. கரிமப் பொருள் அகற்றப்பட்ட கனிமத் தூளைத் திரவத்தில் இட்டு, இரு வைரங்களுக்கிடையே அழுத்தும்போது எல்லாத் திசைகளிலும் ஒரே அழுத்தம் செயல்படுகிறது. அழுத்தமும் பருமன் மாற்றமும் அறியப்படுவதால் படிகத்தின் பருமக் குணகம் கிடைக்கிறது. ஆயினும், கரிமப் பொருளை அகற்றும் வேதிச்செயல் படிகத்தையே மாற்றக்கூடும். பருமக் குணகம் மட்டும் யங் குணகத்தைத் தந்துவிடாது.

முடிவுரை

எலும்பின் கணக்கீட்டு மாதிரிகள் பலவற்றில் தூய ஹைட்ராக்சி அபடைட்டின் யங் குணகமான சுமார் 110 ஜிகாபாஸ்கலே படிக மதிப்பாகக் கொள்ளப்படுகிறது. எலும்புக் கனிமத்திலோ பாஸ்பேட்டின் இடத்தில் ஓரளவு கார்பனேட் அமைந்து, படிக ஒழுங்கைக் குலைத்து விறைப்பைக் குறைக்கிறது. எனவே அம்மதிப்பை மேல் எல்லையாகக் கொள்வதே பொருத்தம். எந்த மதிப்பை எடுத்தாளும்போதும், அது எம்முறையால், எந்நிலையிலிருந்த கனிமத்தில் அளக்கப்பட்டது என்பதைச் சேர்த்துக் குறிப்பிடுதல் இன்றியமையாதது.