கலுங்கா, கலங்கலா?

எங்கள் பரளச்சிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்புவது ஆண்டுதோறும் நிகழ்வதன்று. அவ்வாறு நிரம்பிய ஒரு நாளைப் பற்றி மாணவி ஒருத்தி கட்டுரை எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். அதற்கு முன்பே அதனைச் செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கொடுத்துத் திருத்தம் கேட்டிருந்தாள். 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இத்தகைய பொறிகள் கைப்பேசியிலேயே எட்டுகின்றன. கேட்டதில் குற்றமில்லை.

'கண்மாய் கரை' என்பதைப் பொறி 'கண்மாய்க் கரை' எனத் திருத்தியிருந்தது. சரியே, வேற்றுமைப் புணர்ச்சியில் யகர மெய்யின்பின் வல்லினம் மிகும் என்பது நன்னூல் விதி. அடுத்து, 'கலுங்கு தாண்டி நீர் ஓடியது' என்ற தொடரை 'நீர் கலங்கி ஓடியது' என மாற்றியிருந்தது. கலுங்கு என்பது கண்மாய் நிரம்பியபின் மிகுதி நீர் வெளியேறக் கல்லால் கட்டிய வழி. அந்த ஒரு சொல் போனால் கண்மாய் நிரம்பிய செய்தியே போய்விடுகிறது; எஞ்சுவது சேற்றுநீர்!

"இவ்வளவு படித்த பொறி தவறு செய்யுமா, சார்?" என்றாள்.

அது படித்த விதத்தைக் கருதவேண்டும். அளவிறந்த எழுத்துகளிலிருந்து எந்தச் சொல்லின்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று பழகி, அப்பழக்கத்தைக் கொண்டே அது விடை தொடுக்கிறது. அது பயின்றவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் சிறிது, அதனுள் கரிசல் காட்டுச் சொற்கள் எத்துணை இருக்கும்? அரிய சொல் அதற்குப் பிழையாகத் தோன்றக்கூடும். இடைசெவல் கி. ராஜநாராயணன் இம்மண்ணின் சொற்களைத் திரட்டி அகராதியே செய்தார். 1991இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றார். அவர் காத்த சொற்களை நாம் ஒரு பொத்தானுக்கு விட்டுக்கொடுப்பதா?

மறுநாள் அதே கட்டுரையை மீண்டும் கொடுக்கச் சொன்னேன். இம்முறை கலுங்கை விட்டுவிட்டு வேறொரு தொடரைக் குறை கூறியது. இரண்டு நாளும் அதன் குரலில் தயக்கமே இல்லை. அவளும் அதைக் கண்டு சிரித்துவிட்டாள்.

பொறியை மட்டும் சொல்வானேன்? பணியேற்ற புதிதில் நானும் ஒரு மாணவனின் ஊர்ச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்தேன். பிற்பாடு அது நல்ல தமிழ்ச்சொல் என்றறிந்தேன். அவன் ஏன் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்கும்படி நான் பழக்கவுமில்லை.

ஆயினும் பொறி கூறியவற்றுள் ஒன்று என்னையும் நிமிரச் செய்தது. 'ஊரார் ஏன் இத்துணை மகிழ்ந்தனர் என்பது விளங்கவில்லை' என்றிருந்தது. நான் இருமுறை படித்தும் அக்குறையைக் காணவில்லை. இவ்வூரான் ஆகையால் காரணம் எனக்குத் தெரியும். வெளியூர் வாசகனுக்கு எவ்வாறு தெரியும்? அப்பத்தியைத் தானே எழுதித் தருவதாகவும் பொறி முன்வந்ததாம். அவள் வேண்டாமென்று, கரையில் ஆடு மேய்க்கும் முதியவரிடம் போய்க் கேட்டாள். எத்தனை ஆண்டுகளாக நெல் நடவில்லை என்பதை அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னாராம்.

புதிய பத்தியை நேற்றுக் கொண்டுவந்தாள். அதில் கலுங்கு இரண்டு முறை வருகிறது.