சாது என்றால் யார்?



'குடும்பத்துக்கு நல்லது பணிவா, துணிவா?' இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் சொன்னார்: "பணிவு பணிவுன்னு வளர்த்தா, பிள்ளை வெறும் சாதுவாப் போயிடும்" என்று. ஐயா, அந்தச் சாதுவைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போமா?

நான் மன்னார்குடிப் பக்கம், நெல் விளையுற ஊர்க்காரன். எங்க ஊரில் இந்த வார்த்தை இரண்டு இடத்துலதான் அதிகம் புழங்கும். மாடு விற்கும்போது, "சாது மாடுங்க, சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கலாம்." பெண் பார்க்கும்போது, "மாப்பிள்ளை ரொம்ப சாதுங்க!" (சிரிப்பு) இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: முட்டாது, உதைக்காது! (பலத்த சிரிப்பு)

ஆனால் வார்த்தை பிறந்த கதை வேற. வடமொழியில் 'ஸாத்' என்று ஒரு வேர். நேராகப் போய்க் குறியை அடைவது என்று பொருள். சாதனை, சாதகம், சாதிப்பது எல்லாம் அந்த வேர்தான். (பிறப்பைச் சொல்லும் 'ஜாதி' வேற வார்த்தை, குழப்பிக்காதீங்க.) நேராக நடக்கிறவன் சாது, அப்புறம் நல்லவன், துறவி என்று பொருள் விரிந்தது. நாம்தான் அவனை வாயில்லாப் பூச்சி ஆக்கிட்டோம்!

எங்க தஞ்சைத் தரணியில் பண்ணையாட்களையும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சாங்க. எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். கன்னட நாட்டில் பிறந்த பி.சீனிவாசராவ் 1943-இல் அங்கே வந்து விவசாயச் சங்கம் கட்டினார். 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம்: சவுக்கடியும் சாணிப்பாலும் இனிக் கூடாது! 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. சாதித்தது யாரு? குனிஞ்சு நாற்று நட்ட அதே ஜனங்கதான்! (கைதட்டல்) 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்பாங்க. அவங்க மிரளலைங்க, நேரா நின்னாங்க!

என் பையன் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிட்டு வந்து, இரண்டு நாள் வாயே திறக்கலை. "ஏண்டா சொல்லலை?" என்றேன். "நான் சாதுன்னு நீங்கதானேப்பா எல்லார்கிட்டயும் சொல்றீங்க" என்றான். சுருக்கென்று தைத்தது எனக்கு.

பெற்றவர்களே, பிள்ளைக்குப் பணிவு சொல்லிக் கொடுங்க. வலித்தால் வலிக்குதுன்னு சொல்லவும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. அதுதான் முழுப் பணிவு. அந்தப் பணிவே குடும்பத்துக்கு நல்லது என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். (கைதட்டல்)