செஞ்சிக் கோட்டையோட திரும்பிடாதீங்க: மூன்று நாளில் சைக்கிளில் சுற்ற ஒரு வரலாற்றுப் பாதை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. ‘மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் தேர்வான 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று நம்ம செஞ்சி. ‘வீக்கெண்ட்ல செஞ்சி போலாமா?’ என்ற கேள்வி உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கலாம்.

பெரும்பாலும் அந்தப் பயணம் எப்படி முடியும்? காரில் போவோம், ராஜகிரி மலை ஏறுவோம், போட்டோ எடுப்போம், வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடுவோம். ஆனால் அந்தக் கோட்டையைச் சுற்றி சுமார் 20 கி.மீ. தூரத்துக்குள் சமண முனிவர்களின் கல்வெட்டு, பல்லவர்களின் குடைவரைகள், 1,300 ஆண்டுப் பழமையான ஓவியம் என்று ஒரு பெரிய வரலாறே சிதறிக் கிடக்கிறது. அதைச் சுற்றிப் பார்க்க சைக்கிளைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. ஏன், எப்படி என்று பார்க்கலாம்.

ஏன் சைக்கிள்?

முதல் காரணம், தூரம். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே 5 கி.மீ., 10 கி.மீ., அதிகம் போனால் 20 கி.மீ. தான். நடந்து போக இது அதிகம். காரில் போனால் ஏறி உட்கார்ந்த உடனே இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சாலை. முக்கியமான இடங்கள் பலவும் நெடுஞ்சாலையில் இருந்து விலகி, கிராமச் சாலைகளின் முடிவில் இருக்கின்றன. ஏரிக்கரை, நெல் வயல், மணிலாக் கொல்லை, நடுவில் திடீரென்று எழும் பாறைக் குன்று என்று மாறி மாறி வரும். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. லேசாக ஏறி, லேசாக இறங்கும். மணிக்கு 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் நிதானமாக மிதித்தாலே போதும்.

மூன்றாவதுதான் முக்கியமான காரணம். இந்த இடங்கள் எல்லாம் ஒரே கதையின் பகுதிகள். நடுவில் இருக்கும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே போனால்தான் அந்தக் கதை பிடிபடும்.

அது என்ன கதை?

ஒரே வார்த்தையில் சொன்னால், கல்.

செஞ்சி வட்டாரக் குன்றுகளைப் பார்த்தால், யாரோ பெரிய பெரிய உருண்டைகளைக் கொட்டிக் குவித்த மாதிரி இருக்கும். யாரும் குவிக்கவில்லை. மண்ணுக்குள் இருந்த கருங்கல்லின் விரிசல்களில் பல யுகங்களாகத் தண்ணீர் இறங்கியது. மூலைகள் மக்கி உதிர்ந்தன, மேலே இருந்த மண் கரைந்து போனது. உள்ளே இருந்த உறுதியான பகுதி மட்டும் உருண்டைப் பாறையாக வெளியே வந்தது.

இந்தப் பாறைகளுக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு வேலை இருந்தது. சமணத் துறவிகள் இவற்றின் நிழலில் நோன்பிருந்தார்கள். பல்லவர்கள் குடைந்து கோயில் ஆக்கினார்கள். பின்னால் வந்த அரசர்கள் குன்றுகளை மதிலால் இணைத்துக் கோட்டை ஆக்கினார்கள். இன்று அதே கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருவோம்.

முதல் நாள்: திண்டிவனம் – மேல்சித்தாமூர் – செஞ்சி (சுமார் 35 கி.மீ.)

சென்னையில் இருந்து வருபவர்களுக்குத் திண்டிவனம் வசதியான தொடக்கம். அங்கிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை நோக்கிப் போகிறது தேசிய நெடுஞ்சாலை 77. பஸ், லாரி அதிகம் ஓடும் சாலை என்பதால், வெயில் ஏறும் முன்பே கிளம்பி, முடிந்த இடங்களில் எல்லாம் கிராமச் சாலைக்கு மாறிக்கொள்வது நல்லது.

செஞ்சிக்குச் சுமார் 10 கி.மீ. முன்னால் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் மேல்சித்தாமூர் வரும். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் ஊர் இது. ‘தமிழ்நாட்டில் சமணமா? அதெல்லாம் பாடப் புத்தகத்தில்தானே?’ என்று நினைப்பவர்கள் அவசியம் இங்கே இறங்க வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணக் குடும்பங்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் இன்றும் வாழ்கின்றன. உயர்ந்த கோபுரத்துடன் இருக்கும் பார்சுவநாதர் கோயிலும், பாறையில் செதுக்கிய சமண உருவங்கள் கொண்ட மலைநாதர் கோயிலும் இங்கே பார்க்க வேண்டியவை.

இரண்டாம் நாள்: காலையில் கோட்டை, மாலையில் குன்றுகள் (சுமார் 20 கி.மீ.)

காலையில் சைக்கிளைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிட்டுக் கோட்டைக்குப் போங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைக்கும் மதிலின் நீளம் சுமார் 13 கி.மீ. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறினால் கல் படியும் சூடாகிவிடும் என்பதால், அனுமதிக்கும் நேரம் தொடங்கியதும் ஏறிவிடுங்கள். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வேண்டாம்.

1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, முற்றுகையிட்ட மொகலாயப் படைக்குக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை, ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆனது. 1750இல் பிரெஞ்சுக்காரர்களிடமும் 1761இல் ஆங்கிலேயர்களிடமும் கோட்டை கைமாறியது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியில் இருந்து கொண்டுபோனவை.

மாலையில் வடக்குப் பக்கம் கிளம்பலாம். முதலில் ஊரை ஒட்டியே இருக்கும் திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அருகில் இருக்கும் கல்வெட்டு, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றியது. சுமார் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழ் எழுத்து வடிவம் மாறிக்கொண்டிருந்த காலத்தின் சாட்சி என்பதால் எழுத்தியல் ஆய்வாளர்களுக்கு இது மிக முக்கியம்.

அடுத்து சிங்கவரம். படியேறிப் போனால், பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர். 1714இல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி இளம் வயதில் இறந்த ராஜா தேசிங்கு, போருக்கு முன் இந்தப் பெருமாளிடம் உத்தரவு கேட்டதாகவும், ‘இப்போது போகாதே’ என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் இந்தப் பகுதியில் கதை சொல்வார்கள்.

வெளிச்சம் இருந்தால் மேலச்சேரி வரை போய் வாருங்கள். பழைய செஞ்சி என்றும் அழைக்கப்படும் ஊர் இது. இங்குள்ள பல்லவர் காலக் குடைவரையில், லிங்கத்தைத் தனியாகச் செய்து வைக்கவில்லை. குடைந்த பாறையிலேயே வடித்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: நூறு ஆண்டுகளைக் கடக்கும் பாதை (சுமார் 70 கி.மீ.)

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். செஞ்சியில் இருந்து தெற்கே மண்டகப்பட்டு, தளவானூர், பனைமலை என்று போய் விழுப்புரத்தில் முடிக்கலாம்.

மண்டகப்பட்டு சின்னக் குடைவரைதான். முன்னால் இரண்டு துவாரபாலகர்கள், உள்ளே மூன்று வெற்றுக் கருவறைகள். 10 நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டுதான் விஷயமே. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இந்தக் கோயிலை அமைத்ததாக, விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரில் முதலாம் மகேந்திரவர்மன் அதில் அறிவிக்கிறார். காலம், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ‘இது புதுசு’ என்று ஒரு அரசரே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கல்வெட்டு இது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தளவானூர். அதே மகேந்திரவர்மன், இங்கே சத்ருமல்லன் என்ற பட்டப்பெயருடன். மண்டகப்பட்டின் எளிமைக்கு அடுத்த படியாக, இங்கே முகப்பின் மேல் அழகான மகர தோரணம் வந்துவிடுகிறது.

அடுத்து மேற்கே திரும்பினால் பனைமலை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குன்று, அதன் உச்சியில் தாளகிரீசுவரர் கோயில். இது குடைவரை அல்ல, கல்லை அடுக்கிக் கட்டிய கோயில். கட்டியவர் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் கட்டிய ராஜசிம்ம பல்லவன். காலம், கி.பி. 700ஐ ஒட்டி. ஒரு துணைச் சன்னதியின் சுவரில், தலைக்கு மேல் குடையும் மகுடமுமாக, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் இருக்கிறது. பாதி அழிந்துபோனாலும் அந்த நிற்கும் ஒயில் அப்படியே இருக்கிறது. பல்லவர் கால ஓவியங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. அதில் இது ஒன்று.

கவனித்தீர்களா? பாறையைக் குடைந்த காலத்தில் தொடங்கி, கல் அடுக்கிக் கோபுரம் எழுப்பிய காலத்துக்கு வந்துவிட்டோம். தமிழகக் கட்டடக் கலையின் ஏறக்குறைய 100 ஆண்டு வளர்ச்சியை ஒரு காலை நேர மிதியில் கடந்துவிடலாம்.

கிளம்பும் முன் என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

*எந்த மாதம்?* டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை சிறந்தது. மழை முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கருங்கல் குன்றுகள் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

*எந்த சைக்கிள்?* விலை உயர்ந்தது தேவையில்லை. கியர் இருந்தால் வசதி, அவ்வளவுதான். மெல்லிய ரேஸ் டயரைவிடக் கொஞ்சம் அகலமான டயர் நல்லது.

*பஞ்சர்?* நிச்சயம் எதிர்பாருங்கள். சீமைக்கருவேல முள் இந்தச் சாலைகளின் நிரந்தர வில்லன். ஒரு ட்யூப், பஞ்சர் ஒட்டும் கிட், கைப்பம்ப் கட்டாயம்.

*ரயிலில் சைக்கிள்?* பெட்டிக்குள் ஏற்ற முடியாது. பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் வேனில் அனுப்ப வேண்டும். எல்லா ரயிலிலும், எல்லா ஸ்டேஷனிலும் இந்த வசதி இருக்காது. முதல் நாளே நேரில் விசாரித்துவிடுங்கள்.

*பூட்டியிருந்தால்?* சில இடங்களில் கேட் பூட்டியிருக்கலாம். பக்கத்து டீக்கடையில் ‘சாவி யார்கிட்ட இருக்கும்ணே?’ என்று கேட்டால் வழி கிடைக்கும்.

*பாதுகாப்பு?* இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு லைட் அவசியம். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள். சறுக்கும், அதோடு அது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

இதில் நமக்கு என்ன பொறுப்பு?

இந்தப் பாதையில் வரலாற்றோடு சேர்ந்து இன்னொன்றும் கண்ணில் படும்: கல் ஏற்றிய டிப்பர் லாரி. விழுப்புரம் மாவட்டத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய உண்டு. சென்னையிலும் புதுச்சேரியிலும் எழும் அடுக்குமாடிகளுக்கு ஜல்லி எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்?

மத்திய அரசின் தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடமோ சுரங்கமோ கூடாது. அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆக மொத்தம் 300 மீட்டர். அதற்கு அப்பால் இருக்கும் குன்று இந்தச் சட்டத்தின் கணக்கில் வராது. குடைவரை பத்திரமாக இருக்கும். ஆனால் அது ஏன் இந்த மண்ணில் உருவானது என்று சொல்லும் நிலப்பரப்பு அப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யுனெஸ்கோ அங்கீகாரம் கோட்டைக்குக் கிடைத்துவிட்டது. திருநாதர்குன்றுக்கும் தளவானூருக்கும் அந்த வெளிச்சம் கிடையாது.

சைக்கிளில் போகிறவர்களால் ஒரு நன்மை உண்டு. காரில் வருபவர் கோட்டை வாசலில் மட்டும் செலவு செய்வார். நீங்கள் டீ, இளநீர், இட்லி என்று ஐந்து ஊரில் நிற்பீர்கள். ஆள் வந்து போகும் இடம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தாலே, அந்தக் குன்றுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

கல்வெட்டின் மேல் யாராவது பெயர் கிறுக்கியிருந்தாலோ, பாதுகாக்கப்பட்ட இடத்தை ஒட்டிக் கல் உடைத்தாலோ, போட்டோவும் இடக் குறிப்பும் எடுத்து இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்துக்குத் தெரிவியுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மண்டகப்பட்டுக் கல்வெட்டுக்கு வயது 1,400. அது இனியும் இருக்கும் என்றே நம்பலாம். அதைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் டிசம்பர் வரும்போது டயருக்குக் காற்றடித்துத் தயாராக இருங்கள்.